பனிப்பாறை என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கங்கோத்ரி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இமயமலைச் செய்திக்குத் தமிழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை நெடுகிலும் 'பனிப்பாறை' என்றே எழுதியிருக்கிறீர்கள். டைட்டானிக் மோதியதும் பனிப்பாறை, 2021இல் உத்தராகண்டின் சமோலியில் விழுந்து வெள்ளம் கிளப்பியதும் பனிப்பாறை, கங்கோத்ரியும் பனிப்பாறை என்றால் படிப்பவர் எதைத்தான் புரிந்துகொள்வார்? கங்கோத்ரி போன்ற கிளேசியருக்குப் பனியாறு என்ற நல்ல சொல் நம் பாடநூல்களிலேயே இருக்கிறது. தில்லியில் முப்பது ஆண்டுகள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பனி என்ற சொல்லே நமக்குக் கொஞ்சம் தகராறுதான். முன்பனி, பின்பனி என்று பருவத்துக்குப் பெயர் வைத்தவர்கள் கண்டது புல் நுனியில் நிற்கும் பனி. இங்கே ஜனவரியில் எதிர்வீட்டை மறைத்துக்கொண்டு நிற்பதும் பனி. இமயத்தில் பஞ்சாக விழுவதும் அதே பனி. கூடப் பாறையும் சேர்ந்துவிட்டால் பிள்ளைகள் மனத்தில் பெரிய ஐஸ் கட்டி ஒன்று அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது.

வகுப்பில் நான் சுஸ்கி என்ற குச்சி ஐஸைத்தான் உதாரணம் சொல்வேன். இந்தியா கேட் பக்கம் வண்டிக்காரர் ஐஸைச் சீவும்போது தூள் வெள்ளை வெளேரென்று பொலபொலவென விழும். அதை உள்ளங்கையில் வைத்து இரண்டு அமுக்கு அமுக்கிக் குச்சியில் பிடிப்பார். உள்ளிருந்த காற்று வெளியேறித் தூள் இறுகிவிடும், வெண்மையும் சற்று மங்கும். மலையில் அந்த உள்ளங்கையின் வேலையை அடுத்தடுத்த ஆண்டுகளின் பனி செய்கிறது. கோடையைத் தாண்டியும் கரையாமல் மிஞ்சியதன் மேல் மறு ஆண்டுப் பனி, அதன் மேல் அடுத்தது. அடியில் கிடப்பது முதலில் சர்க்கரை மணிபோல் ஆகிறது, பிறகு மிச்சக் காற்றைக் குமிழிகளாகப் பூட்டிக்கொண்டு நீலம் பாய்ந்த கட்டியாகிறது. குளிர் குறைந்த மலைகளில் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகிற இந்த வேலைக்கு அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் நூறாண்டுக்கு மேல் பிடிக்கும்.

கட்டியின் தடிமன் முப்பது, நாற்பது மீட்டரைத் தாண்டினால் தன் எடையாலேயே உள்ளுக்குள் நெகிழ்ந்து சரிவில் இறங்கத் தொடங்கும். அப்போதுதான் அது பனியாறு. ஐஸ்லாந்தின் ஓக் பனியாறு மெலிந்து மெலிந்து ஒருநாள் நகரவே முடியாமல் போயிற்று. 2014இல் அது இனிப் பனியாறு இல்லை என்று அறிவித்தார்கள், 2019இல் நினைவுப் பலகையும் வைத்தார்கள். மலைமேல் பனிக்கட்டி மிச்சம் இருக்கத்தான் செய்தது. நடைதான் நின்றுபோயிற்று.

'பின்வாங்குகிறது' என்பதையும் விளக்கியிருக்கலாம். தேயும் பனியாறும் கீழ்நோக்கியேதான் வருகிறது. மேலே சேர்வதைவிடக் கீழே உருகுவது மிஞ்சும்போது, வரும் கட்டி பழைய முனையை எட்டுமுன் கரைந்துவிடுகிறது, அவ்வளவுதான். 1998இல் மாணவிகளோடு கங்கோத்ரிப் பனியாற்றின் முனையான கோமுகம் போனேன். வெள்ளை மலையை எதிர்பார்த்துப் போன எங்கள் முன்னால் நின்றது, சிமெண்ட் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல் சாம்பல் நிறச் சுவர். சரளைக் கற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. "டீச்சர், இதுவா?" என்று ஒருத்தி முகம் சுளித்தாள். அந்த அழுக்கும் சாதாரணமில்லை. மெல்லிய தூசிப் படலம் வெயிலை உறிஞ்சி உருகலை விரைவுபடுத்தும். கற்குவியல் தடித்துக் கிடந்தாலோ போர்வைபோல் காக்கும்.

2035க்குள் இமயத்தில் பனியே இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007 அறிக்கையில் தவறாக இடம்பெற்ற வரி அது. 2010 ஜனவரியில் குழுவே தவறை ஒப்புக்கொண்டது. காட்மாண்டுவில் இருக்கும் மலைப்பகுதி ஆய்வு நிறுவனமான ஈசிமோட் 2019இல் சொன்னதே போதுமான அளவு கவலை தருவது: வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் இந்துகுஷ் இமயப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டு முடிவதற்குள் போய்விடும். எல்லாம் ஒரே வேகத்தில் தேய்வதும் இல்லை. குளிர்கால மேற்குக் காற்று பனி கொண்டுவரும் காரகோரத்தில் சில பனியாறுகள் குறையாமல் நின்றன, சில வளரவும் செய்தன. நேபாளம், சிக்கிம் பக்கம் பெரும்பாலான பனி பருவமழைக் காலத்தில்தான் விழுகிறது. வெப்பம் கொஞ்சம் ஏறினால் அதே மேகம் மழையாகப் பெய்துவிடும்: வரவும் போயிற்று, இருந்ததும் உருகிற்று.

சமோலிக்கு வருகிறேன். அன்று ரோண்டி சிகரத்துச் சரிவிலிருந்து விழுந்த சுமார் 2.7 கோடி கன மீட்டரில் ஐந்தில் நான்கு பங்கு நிஜமான கல். உங்கள் கட்டுரையில் பாறை என்ற சொல் பொருந்துகிற ஒரே இடம் அதுதான். அங்கே போய்ப் 'பனிப்பாறை வெடித்தது' என்று எழுதிவிட்டீர்கள்! அது கிளப்பிய வெள்ளத்தின் சேறு மேல் கங்கைக் கால்வாய் வழியாக எங்கள் ஊர் வரை வந்தது. தில்லியின் சோனியா விகார், பாகீரதி குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் உற்பத்தியைக் குறைத்தன. மயூர் விகாரில் நான்காவது மாடியில் இருக்கும் நான் அந்த வாரம் ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறையாவது பனியாறு என்றே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
மயூர் விகார், தில்லி.

பி.கு.: கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு வெண்கரடி நிற்கிறது. கங்கோத்ரிப் பக்கம் வெண்கரடி கிடையாது.