ஜாவா லேப் நடத்தும் ஆசிரியர்களுக்கு: மாணவர்களிடம் ஒரு தசம எண்ணைக் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பில்லிங் மென்பொருள் எழுதுவது என் தொழில். படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எழுதும் நிரலைச் சரிபார்ப்பதும் அதில் சேர்த்தி. விலங்கு கிளாஸிலிருந்து (கிளாஸ் என்பது தரவையும் அதன் செயல்களையும் சேர்த்து எழுதும் வார்ப்பு) நாய் கிளாஸை உருவாக்கச் சொன்னால் மளமளவென்று எழுதிவிடுகிறார்கள். விலையை வரி விகிதத்தால் பெருக்கச் சொன்னால் மட்டும், யோசிக்காமல், தசம எண்ணைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் டபுள் வகையை எடுக்கிறார்கள். ரூபாயைப் பைசாவாக்க, டபுளில் 1.15-ஐ 100-ஆல் பெருக்கினால் 114.99999999999999 வரும். அதை அப்படியே முழு எண்ணாக்கினால் 114. ஒரு பைசா காணாமல் போய்விட்டது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். லேப் பயிற்சியில் நாய், பூனைக்குப் பதிலாகத் தசம எண் கிளாஸ் ஒன்றை மாணவர்களே எழுதட்டும். பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம்; பயிற்சிக்கு எந்த உதாரணம் என்பதைப் பெரும்பாலும் நீங்கள்தானே முடிவு செய்கிறீர்கள்?

கிளாஸுக்குள் இரண்டே விஷயங்கள் போதும்: ஒரு முழு எண், புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்ற கணக்கு. 12.345 என்றால் 12345, 3. 0.18 என்றால் 18, 2. முழு எண்களைப் பெருக்கி, இலக்கக் கணக்குகளைக் கூட்டினால் 222210, 5. விடை 2.22210. பள்ளியில் படித்த அதே முறைதான். ஜாவாவிலேயே இருக்கும் தசம எண் கிளாஸான பிக்டெசிமலும் இப்படித்தான் பெருக்குகிறது.

கடைசியில் நிற்கும் அந்தச் சுழியத்தை வைப்பதா, எடுப்பதா? பாடம் சூடு பிடிப்பது இங்கேதான். பிக்டெசிமல் அதை வைத்துக்கொள்கிறது. அதனால் 2.0-வும் 2.00-வும் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தடுக்கு (மெத்தட் என்பது கிளாஸுக்குள் எழுதும் செயல்) வேறு வேறு, எது பெரிது என்று ஒப்பிடும் கம்பேர்டூ மெத்தடுக்கு ஒன்று. ஒரே மதிப்பை இருமுறை வைக்காத தொகுப்புகள் ஹேஷ்செட்டும் ட்ரீசெட்டும். இரண்டையும் ஈக்வல்ஸை நம்பும் ஹேஷ்செட்டில் போட்டால் இரண்டாக நிற்கும். கம்பேர்டூவை நம்பும் ட்ரீசெட்டில் போட்டால் ஒன்றுதான் மிஞ்சும். இரண்டு ஆப்ஜெக்டுகள் சமம் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்ற கேள்வியை நாய் கிளாஸ் ஒருநாளும் எழுப்பாது. தான் எழுதிய கிளாஸில் மாணவரே இதற்கு ஒரு முடிவெடுத்து, ஹேஷ்செட் தேடுவதற்குப் பயன்படுத்தும் எண்ணைத் தரும் ஹேஷ்கோடையும் அதற்கு ஒத்தபடி எழுதட்டும்.

அடுத்தது, பெருக்கல் மெத்தட் பழைய எண்ணை மாற்றக் கூடாது, புதிய ஆப்ஜெக்டைத் திருப்பித் தர வேண்டும். பிக்டெசிமலில் மல்டிப்ளையை அழைத்துவிட்டு, வந்த விடையை எதிலும் வாங்காமல் விட்டுவிட்டு, மதிப்பு ஏன் மாறவில்லை என்று தவிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த மெத்தடைத் தன் கையால் எழுதியவருக்கு இந்தக் குழப்பம் வராது.

உள்வேலையை மறைத்து வெளியே மெத்தடை மட்டும் காட்டும் என்காப்சுலேஷனுக்கு, பெருக்கலைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பெரிய எண்களைப் பெருக்க, இலக்கத்துக்கு இலக்கம் பெருக்கும் முறையையே ஜாவாவின் பெரிய முழு எண் கிளாஸான பிக்இன்டிஜர் நெடுங்காலம் பின்பற்றியது. 2014-இல் வந்த ஜாவா 8-இல் அதற்குள் இன்னும் வேகமாகப் பெருக்கும் கரட்சுபா முறையும் டூம்-குக் முறையும் சேர்ந்தன. வெளியே மெத்தட் அப்படியே இருந்தது. ஆயிரக்கணக்கான இலக்கங்களைப் பெருக்கிய பழைய நிரல்கள், ஒரு வரிகூட மாறாமல் வேகம் பெற்றன. எண்களை இரு பாதிகளாகப் பிரித்துப் பெருக்கும்போது வரும் நான்கு பெருக்கல்களை மூன்றாகக் குறைக்கும் வழியை அனத்தோலி கரட்சுபா 1960-இல் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 23. பள்ளி முறையைவிட வேகமான வழியே இருக்காது என்று கருதியவர் கோல்மொகோரோவ் போன்ற கணித மேதை. இதை உங்கள் மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். அவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

ரவுண்டிங்கைப் பெருக்கலுக்குள் ஒளித்து வைக்க விடாதீர்கள். 10.33 ரூபாய்ப் பொருள்கள் மூன்று, வரி 5 சதவீதம். ஒவ்வொன்றுக்கும் வரி 0.5165, தனித்தனியாக ரவுண்ட் செய்து கூட்டினால் 1.56. மொத்தத்துக்கு ஒரே தடவை செய்தால் 1.5495 என்பது 1.55 ஆகும். எது சரி என்பதைத் தொழிலின் விதிதான் சொல்ல வேண்டும், மெத்தட் தானாகத் தீர்மானிக்கக் கூடாது.

செய்முறைத் தேர்வில் இந்த மூன்று பொருள்களின் பில்லையே கேள்வியாக வையுங்கள். உள்ளீட்டைச் சரமாக (எழுத்துகளின் வரிசையாக) மட்டும் வாங்கச் சொல்லுங்கள். டபுளாக வாங்கினால் 0.1 என்பது உள்ளே நுழையும்போதே 0.1000000000000000055 என்று நீளத் தொடங்கிவிடும். 1.56, 1.55 இரண்டும் வரும்படி இரு வழிகளிலும் எழுதச் சொல்லி, ரவுண்டிங்கை நிரலின் எந்த இடத்தில் வைத்தார்கள், ஏன் அங்கே வைத்தார்கள் என்று வைவாவில் கேளுங்கள்.

நன்றியுடன்,
பில்லிங் மென்பொருள் எழுதும் ஒருவர்