வூஸ்டர் குடும்ப வரலாறு: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களிடையே ஊழியம் செய்த சாமுவேல் ஆஸ்டின் வூஸ்டர் பாதிரியாரின் (1798–1859) குடும்ப வரலாறு தமிழில் தொகுத்து முடிந்துவிட்டது. அவருடைய தகப்பனார் லியனார்டில் தொடங்கி, மகள் ஆன் எலைசா வழியாக, பேத்தி ஆலிஸ் ராபர்ட்சன் வரை நான்கு தலைமுறை. உதவியவர்கள் பலர். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் யார் எந்த முடிச்சை அவிழ்த்தார்கள் என்று விவரமாக எழுதி வைத்தால், நாளைக்கு இந்தக் காலத்து மிஷனரிக் குடும்பம் ஒன்றைத் தேடப் போகிறவருக்கும் உதவும். பெயர் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால், செய்த காரியத்தை மட்டும் சொல்கிறோம்.

முதல் நன்றி, அமெரிக்கன் சிலோன் மிஷன் தாள்களோடு பழகிய யாழ்ப்பாணத்து அன்பருக்கு. செரோக்கி நாட்டு வரலாற்றில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இரண்டு மிஷன்களையும் நடத்தியது பாஸ்டனில் இருந்த அதே அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரிச் சங்கம்தான். 1810-இல் தொடங்கிய அந்தப் போர்டின் முதல் செயலாளரின் பெயரும் டாக்டர் சாமுவேல் வூஸ்டர். அவர் நம் பாதிரியாரின் சித்தப்பா. 1821 வரை தெல்லிப்பழையிலிருந்தும் வட்டுக்கோட்டையிலிருந்தும் ‘டாக்டர் வூஸ்டர் அவர்களுக்கு’ என்று போன மடல்கள் அவருக்குப் போனவை. அவர் 1821 ஜூனில் இறந்ததோ செரோக்கி நாட்டிலிருந்த பிரெய்னர்டு மிஷனில்! அண்ணன் மகன் 1825-இல் முதன்முதல் வேலைக்கு வந்து சேர்ந்ததும் அதே பிரெய்னர்டு. ஒரே பெயர், ஒரே போர்டு, ஒரே இடம். வலைத்தளக் குடும்ப மரங்கள் பலவற்றில் இந்த இருவரும் ஒருவராகிப் போனதற்குக் காரணம் இதுதான். அந்த அன்பர் சொன்ன விதி எளிமையானது: பிரெய்னர்டில் 1825-க்கு முந்தைய தாள் என்றால் சித்தப்பா, பிந்தையது என்றால் அண்ணன் மகன்.

அவர் இன்னொரு குழியையும் காட்டினார். ‘சாமுவேல்’, ‘வூஸ்டர்’ என்று இரண்டு சொல்லையும் போட்டுத் தேடினால் மானிப்பாய் கிறீன் வைத்தியர் வந்து நிற்பார். டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் சொந்த ஊர் மாசச்சூசெட்ஸிலுள்ள வூஸ்டர். போதாக்குறைக்கு, ஆன் எலைசாவுக்கு 1892-இல் முனைவர் பட்டம் கொடுத்த ஒஹாயோ பல்கலைக்கழகமும் தமிழில் வூஸ்டர்தான், ஆங்கில எழுத்து வேறு. ஆகவே குறிப்பட்டையில் ஆள், ஊர், பல்கலைக்கழகம் என்று வகையையும் சேர்த்து எழுதாமல் இந்தக் குடும்பத்தைத் தொடவே கூடாது.

வெர்மான்ட் மாநிலத்துப் பீச்சம் ஊரின் பழைய பதிவுகளைப் பார்த்துச் சொன்ன அம்மையாருக்கு அடுத்த நன்றி. வெர்மான்டில் பிறப்பு, மண, இறப்புப் பதிவுகளை வைத்திருப்பவர் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலர் அல்ல, ஊர் எழுத்தர். இது தெரியாமல் கவுண்டிக்கு எழுதினால் ‘பதிவு இல்லை’ என்று பதில் வரும், நாமும் இல்லை என்றே நம்பிவிடுவோம். லியனார்டு அச்சுத் தொழிலில் இருந்துவிட்டுப் போதகரானவர், பீச்சம் சபைக்கு வந்தது 1799-இல். மகன் பிறந்தது 1798 ஜனவரி 19. ஆகவே பிறப்பைப் பீச்சமில் தேடுவது வீண், மாசச்சூசெட்ஸில் தேட வேண்டும் என்று வழிகாட்டியவர் அவர். மகனுக்கு அச்சு வேலை எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஹார்வர்டு ஹூட்டன் நூலகத்தில் அமெரிக்கன் போர்டின் தாள்கள் இருக்கின்றன. செரோக்கி மிஷன் மடல்களின் வரிசை எண் ஏபிசி 18.3.1. அந்தக் கையெழுத்தை வாசித்துக் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். தாளின் இரு பக்கமும் எழுதியதால் பின்பக்க மை முன்பக்கம் ஊறித் தெரியும். தபால் செலவை மிச்சம் பிடிக்க, எழுதிய பக்கத்தையே திருப்பி வைத்துக் குறுக்கே எழுதிய தாள்களும் உண்டு. அவற்றைப் படிக்க, படத்தைத் தொண்ணூறு பாகை திருப்பி, ஒரு திசையில் போகும் வரிகளை முழுக்க எழுதி முடித்துவிட்டே அடுத்த திசைக்குப் போக வேண்டும். இரண்டையும் கலந்து படித்தால் வாக்கியம் பிசகும்.

தேதியில் வரும் பிசகு இன்னும் மோசமானது. அக்கால மடல்களில் ‘இன்ஸ்ட்’ என்றால் நடப்பு மாதம், ‘அல்ட்’ என்றால் போன மாதம். ஏப்ரல் முதல் வாரத்து மடலில் ‘12 அல்ட்’ என்று இருந்தால் அது மார்ச் 12. மடலின் தேதியைப் பார்க்காமல் அந்த வரியை மட்டும் நகலெடுத்தால் ஒரு மாதம் தப்பிவிடும். வாசித்தவர்கள் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் முழுத் தேதியைச் சதுர அடைப்பில் எழுதித் தந்தார்கள். அதோடு, போர்டு நடத்திய ‘மிஷனரி ஹெரால்டு’ இதழில் அச்சான மடல்களை மூலத்தோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். அந்த இதழுக்கு நன்கொடையாளர்தான் வாசகர். பத்திரிகைக்கு ஆகாததை ஆசிரியர்கள் வெட்டிவிடுவார்கள், வெட்டுப்படுவது பெரும்பாலும் வீட்டுச் செய்தி. குடும்ப வரலாறு எழுதுகிறவர்களுக்கு வேண்டியதோ அதுதான்.

1831 சிறைவாசத்தைச் சரியான வரிசையில் வைத்துத் தந்த ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஐயாவுக்கு நன்றி. செரோக்கி நிலத்தில் குடியிருக்கும் வெள்ளையர் உரிமம் வாங்கி, மாநிலத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று ஜார்ஜியா சட்டம் போட்டது. வூஸ்டர் மறுத்தார். மார்ச்சில் கைதானபோது, செரோக்கித் தலைநகரான நியூ எகோட்டாவின் தபால் அதிகாரி என்பதால் கூட்டரசின் ஊழியர் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பிறகு அந்தப் பதவியைப் பறித்துவிட்டு ஜூலையில் மறுபடி பிடித்தார்கள். ஆகஸ்டில் அவருடைய கைக்குழந்தை இறந்தது. செப்டம்பரில் பதினொரு பேருக்கு நான்காண்டு கடுங்காவல். ஒன்பது பேர் மன்னிப்பை ஏற்றுக்கொண்டு வெளியே போக, வூஸ்டரும் எலைசர் பட்லரும் மில்லட்ஜ்வில் சிறைக்குப் போனார்கள்.

1832 மார்ச் 3-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ‘நீதிமன்றம் விடுதலை செய்தது’ என்று பலர் எழுதுவது தவறு. ஜார்ஜியா தீர்ப்பை மதிக்கவே இல்லை. மேற்கொண்டு நீதிமன்றத்தை நாடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்த பிறகு, ஆளுநர் லம்ப்கின் 1833 ஜனவரி 14-ஆம் தேதி வெளியே விட்டார். தீர்ப்புக்கும் விடுதலைக்கும் நடுவே பத்து மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்தக் காலத்தில் வூஸ்டர் வீட்டைப் பற்றி எதை எழுதினாலும் அவர் சிறையில் இருந்தார் என்ற கணக்கோடுதான் எழுத வேண்டும். ஜார்ஜியா மாநிலம் இருவருக்கும் மன்னிப்பு வழங்கியது 1992-இல்!

தபால் அதிகாரிப் பதவி பற்றி ஒரு சின்னத் தகவல், ஆவணக் காப்பக ஊழியர் ஒருவர் கொடுத்தது. அமெரிக்கத் தேசியக் காப்பகத்தில் தபால் அதிகாரி நியமனங்களுக்கு எல்லோரும் எடுப்பது எம்841 என்ற நுண்படலம் (மைக்ரோஃபிலிம்). அது 1832-இல்தான் தொடங்குகிறது. நியூ எகோட்டாவுக்கு அதற்கு முந்தைய எம்1131 வேண்டும். பேத்தி ஆலிஸ் 1905 முதல் 1913 வரை மஸ்கோகியின் தபால் அதிகாரியாக இருந்தார், அவரை எம்841-இல் காணலாம். தாத்தாவைக் காணோமே என்று அதே படலத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பவர்கள் கவனிக்க.

செரோக்கி மொழிபெயர்ப்பையும் அச்சையும் பற்றிய அத்தியாயத்தைப் படித்துப் பார்த்த செரோக்கி வாசகர், வூஸ்டர் பெயர் மட்டும் தனியாக நின்ற இடங்களில் எல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டு அனுப்பினார். அவர் செய்தது நியாயம். செக்கோயா உருவாக்கிய எழுத்து, இலையஸ் பூடினாட்டின் மொழியறிவு, ஸ்டீபன் ஃபோர்மனின் உழைப்பு இவை இல்லாமல் ஒரு பக்கம்கூட அச்சாகியிருக்காது. ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ செய்தித்தாள் 1828 பிப்ரவரி 21-இல் வெளிவந்தபோது ஆசிரியர் பூடினாட். 1839-இல் இன்றைய ஒக்லஹோமாவிலுள்ள பார்க் ஹில்லில் அவர் கொலையுண்டது வூஸ்டர் வீட்டுக்குப் பக்கத்தில்தான். இப்போது எல்லா இடத்திலும் பெயர்கள் சேர்த்தே நிற்கின்றன.

மக்கள்தொகைக் கணக்கைத் தேடியவர்களின் பாடு பெரிய பாடு. 1840 வரை அமெரிக்கக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும், மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். 1850-இலிருந்து எல்லோர் பெயரும் வரும். ஆனால் வூஸ்டர் குடும்பம் 1835-இலேயே மேற்கே இந்தியப் பிரதேசத்துக்கு, அதாவது இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போய்விட்டது. 1860-இல் அங்கிருந்த வெள்ளையர் பட்டியல் ஆர்கன்சாஸ் கணக்கின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1870-இலும் 1880-இலும் அந்தப் பிரதேசம் வழக்கமான கணக்கில் இல்லை. 1890 கணக்குத் தாள்கள் 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பெரும்பாலும் போயின. முழுமையாகக் கிடைப்பது 1900. ஒக்லஹோமா மாநிலமானது 1907-இல், அதற்கு முன் பிறப்பு இறப்புக்கு அரசுப் பதிவு என்று எதுவும் இல்லை. ஆகவே வேதாகமத்தின் குடும்பப் பக்கம், சபைப் பதிவேடு, கல்லறை, மடல் இந்த நான்கையும் வைத்துத்தான் தேதிகளை உறுதிசெய்ய முடிந்தது. ஒரு தேதிக்கு இரண்டு சான்றாவது ஒத்துப்போகாமல் ஏற்பதில்லை என்று பிடிவாதமாக நின்றவர்களால்தான் இந்தத் தொகுப்பு நம்பத்தக்கதாக இருக்கிறது.

வூஸ்டரின் இன்னொரு மகள் ஹன்னாவின் கிளையைப் பிரித்துத் தந்தவருக்குத் தனி நன்றி. அக்காள் சாரா, செரோக்கி பெண்கள் செமினரியில் ஆசிரியை, டாக்டர் டுவைட் ஹிட்ச்காக்கின் மனைவி. தங்கை ஹன்னா மணந்தது அபைஜா ஹிக்ஸை. உள்நாட்டுப் போரில் 1862 ஜூலை 4 அன்று அவர் கொல்லப்பட்டார். சாரா அதற்கு முன்பே காலமாகியிருந்தார், பின்னாளில் ஹன்னா அதே ஹிட்ச்காக்கை மணந்துகொண்டார். ‘திருமதி ஹிட்ச்காக்’ என்று மட்டும் வரும் தாளில் ஆண்டைப் பார்க்காமல் எந்தச் சகோதரி என்று சொல்லவே முடியாது.

செரோக்கிக் குடும்பங்களில் மணம் முடித்த கிளைகளைத் தேடுவதற்கு வழி வேறு. பழங்குடி உறுப்பினர்களைப் பதிவு செய்த டாஸ் ஆணையத்தின் அட்டைகள் எம்1186, அவற்றோடு சேர்ந்த விசாரணைக் கட்டுகள் எம்1301. அட்டை எண் வேறு, பட்டியல் எண் வேறு. பலர் பட்டியல் எண்ணைக் கொடுத்துக் கட்டைக் கேட்டு ஏமாறுகிறார்கள், கட்டுக்கு வேண்டியது அட்டை எண். கிழக்குச் செரோக்கியருக்கான இழப்பீட்டில் பங்கு கேட்டு 1906 முதல் கொடுத்த கியான் மில்லர் மனுக்கள் எம்1104-இல். மனுதாரர் தாத்தா பாட்டி பெயரையும் 1851-இல் குடும்பம் எங்கிருந்தது என்பதையும் எழுத வேண்டும் என்பதால், தள்ளுபடியான மனுவும் நமக்குப் பொக்கிஷம். தள்ளுபடி என்று கண்டதும் மூடி வைத்துவிட வேண்டாம்.

பார்க் ஹில் கல்லறைகளைப் படமெடுத்துத் தந்த தம்பதியருக்கு நன்றி. வூஸ்டரும் பூடினாட்டும் அங்கேதான் இருக்கிறார்கள். தேய்ந்த பளிங்கு எழுத்தைப் படிக்க, கண்ணாடியால் வெயிலைக் கல்லின் பக்கவாட்டில் சாய்வாகப் பாய்ச்சினாலே போதும், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சுண்ணக்கட்டி பூசுவது, சவர நுரை தடவுவது, பிளீச் ஊற்றுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது எதுவும் கூடாது, பளிங்கு அரித்துவிடும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். 3-உம் 8-உம், 1-உம் 7-உம் குழப்பும்போது வயதைக் கணக்கிட்டுச் சரிபார்த்தார்கள்: 1798 ஜனவரி 19 முதல் 1859 ஏப்ரல் 20 வரை 61 ஆண்டு, 3 மாதம், 1 நாள்.

ஆன் எலைசாவின் தாள்களைத் தேடி அமெரிக்கன் போர்டின் கட்டுகளையே புரட்டுவது பொதுவான தவறு. 1850-இல் அவர் மணந்த வில்லியம் ராபர்ட்சன், கிரீக் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களிடையே டல்லஹாசி மிஷனில் பிரெஸ்பிட்டேரியன் போர்டின் கீழ் இருந்தவர். மகள் மணமாகிப் போனதோடு தாள்களும் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டன. 1880 டிசம்பரில் டல்லஹாசிக் கட்டடம் தீக்கிரையானது. மறு ஆண்டு வில்லியம் இறந்தார். விதவையான ஆன் எலைசா கிரீக் மொழிப் புதிய ஏற்பாட்டை 1887-இல் முடித்தார். மிஞ்சிய குடும்பத் தாள்களில் பெரும்பகுதி டல்சா பல்கலைக்கழக நூலகத்தில் ஆலிஸ் பெயரில் இருக்கிறது. தாத்தாவின் மடலையும் பேத்தியின் பெயரில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லித்தந்த நூலகருக்கு எங்கள் வணக்கம்.

ஆலிஸைப் பற்றி அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. 1920-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வானவர், அங்கு சென்ற இரண்டாவது பெண். பெண்கள் வாக்குரிமையை எதிர்த்தவரும் அவரே. அந்த முரணைப் பூசி மெழுகாமல் எழுதச் சொன்ன இளம் ஆய்வாளருக்கு நன்றி.

இன்று வாழும் வாரிசுகள் தங்கள் வீட்டு வேதாகமப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார்கள். தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பியது பெரிய உதவி. அச்சான ஆண்டைவிடப் பழைய பிறந்த தேதிகள் அதே மையில், ஒரே கையெழுத்தில் வரிசையாக இருந்தால் அவை பின்னால் ஒரே மூச்சில் எழுதப்பட்டவை என்று தெரிந்துகொள்ளலாம். வாழ்பவர்களின் பெயரோ ஊரோ தொகுப்பில் எங்கும் இல்லை. மரம் ஆலிஸ் தலைமுறையோடு நிற்கிறது. திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் பக்க எண், தங்கள் சான்று இருக்கும் காப்பகம், அதன் வரிசை எண் மூன்றையும் சேர்த்து எழுதினால் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தொகுப்பாளர்கள்