பயிற்சியாளரா, கால்களா?

ஆசிரியருக்கு,

இங்கிலாந்துக் கால்பந்து அணியான லிவர்பூல் 2022-23 லீக் சீசனில் ஐந்தாம் இடத்துக்குச் சரிந்ததற்கு, பயிற்சியாளர் யூர்கன் கிளாப் நெடுநாள் பதவியில் இருந்ததே காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பந்தை இழந்த கணமே பாய்ந்து மறிக்கும் ஆட்டம் கிளாப்புடையது. ஒருவர் அரை நொடி தாமதித்தாலும் நடுக்களம் திறந்துவிடும். முந்தைய சீசனில் 63 போட்டிகள் ஆடிக் களைத்த அணி. நடுக்கள வீரர்களில் ஹெண்டர்சனுக்கு 32 வயது, மில்னருக்கு 36. கோப்பை வென்று தந்தவர்களை அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? கிளாப் முன்பு பயிற்றுவித்த ஜெர்மன் அணியான டார்ட்மண்டிலும் அவரது ஏழாவது சீசனில் அணி ஏழாம் இடத்தில்தான் முடித்தது என்பது உண்மைதான். ஆனால் லிவர்பூலில் 2023 கோடையில் மெக்காலிஸ்டர், சோபோஸ்லாய் எனப் புதியவர்களை எடுத்து நடுக்களத்தையே மாற்றினார்கள். அடுத்த சீசனில் மூன்றாம் இடமும் லீக் கோப்பையும் கிடைத்தன. பயிற்சியாளர் அதே கிளாப்தான்.

– ஒரு கால்பந்து ரசிகர்