தூண்களை விறகாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாற்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவன் நான். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியின் நார்ட்டன் செயின்ட் பிலிப் கிராமத்து ஜார்ஜ் விடுதியைப் பார்த்தேன். கம்பளி வணிகர்கள் தங்கிய இடம். தரைத்தளம் கல். 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மேல்தளங்கள் இரண்டும் மரச்சட்டம். ஒன்றைவிட ஒன்று தெருப்பக்கம் நீண்டு நிற்கின்றன. ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை இன்னொரு மரத்தின் துளையில் பூட்டி மர ஆணி அறைந்த இணைப்பைத் தடவிப் பார்த்தேன். என் அப்பா கற்றுக்கொடுத்த அதே வேலை!

புதுச்சேரியில் எங்கள் தெருவில் போன வாரம், கார் நிறுத்துவதற்காக ஒரு திண்ணையை இடித்துவிட்டார்கள். வழிப்போக்கர்கள் படுத்தெழுந்த திண்ணை. அதன் தேக்குத் தூண்கள் விறகுக் கடைக்குப் போயின. உளுத்த அடிப்பாகத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டிருந்தால் போதும். பழைய வீடுகளை இப்படிப் பழுதுபார்க்க அரசு உதவ வேண்டும். இளம் தச்சர்கள் வந்தால் நானே சொல்லித் தருகிறேன்.

- ஓய்வுபெற்ற தச்சர், புதுச்சேரி