கோல் விழுந்த மறுநாள்: பள்ளி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட்,
பேராக்.

மதிப்பிற்குரிய பள்ளி மேலாளர் வாரியத் தலைவர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் புத்தகப்பையில் உங்கள் கடிதம் வீடு வந்து சேர்ந்தது. மாவட்டப் போட்டியில் எதிர்பார்த்த முடிவு கிடைக்கவில்லை, அதனால் மாலை நேர ஓட்டப் பயிற்சி இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது, அந்த நேரத்தில் பிரத்தியேக வகுப்பு நடக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியவள் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை. அந்தப் போட்டியில், கோலைக் கைமாற்றி ஓடும் தொடர் ஓட்டத்தில் ஓடியவள். "அத்தை, நான் கோல கீழ போட்டதாலதானே நிப்பாட்டுறாங்க?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால்தான் ஊரறிய இதை எழுதுகிறேன்.

நான் ஆசிரியை அல்ல. பயிற்சியாளர் சான்றிதழும் என்னிடம் கிடையாது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன், அம்மாவோடு பால் வெட்டப் போனேன், அப்புறம் தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருஷம் வேலை பார்த்தேன். ஒன்பது வருஷமாகத் திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரைக்குப் பள்ளித் திடலுக்கு வருகிறேன். ஒரு விசில், ஒரு ஸ்டாப் வாட்ச், கோடு குறிக்க நான்கு காலிச் சாய டின்கள். பயிற்சி முடிந்ததும் இரண்டு தாய்மார்கள் பச்சைப்பயறு கஞ்சி கொண்டுவருவார்கள். இதுதான் நீங்கள் நிறுத்தப் போகும் பயிற்சி.

போட்டிக்கு வராதவர்களுக்காக அன்று நடந்ததைச் சொல்கிறேன். பெண்களுக்கான தொடர் ஓட்டம், நான்கு பேர் தலா 100 மீட்டர். காலையில் பெய்த மழையில் புல் ஈரமாக இருந்தது. மூன்றாவது பிள்ளை வளைவில் திரும்பும்போது நாம் இரண்டாவது இடத்தில் இருந்தோம். கடைசியாக ஓடுகிறவள் பின்னால் ஓர் அடையாளம் வைத்திருப்பாள். வருகிறவளின் கால் அந்த அடையாளத்தைத் தொடும்போது கிளம்ப வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. "கை" என்ற குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். அன்று கூட்டத்தின் சத்தத்தில் அவள் ஓர் அடி முந்திக் கிளம்பிவிட்டாள். வந்தவளோ களைத்திருந்தாள், எட்டவில்லை. இவள் திரும்பிப் பார்த்தாள், கோல் இருவருக்கும் நடுவே விழுந்தது. அதன்பின் நடந்ததை யாரும் பேசவில்லை. வந்தவள் குனிந்து கோலை எடுத்தாள், இவள் கையில் கொடுத்தாள், இவள் வாங்கிக்கொண்டு கடைசிக் கோடு வரை ஓடினாள். மற்ற எல்லாரும் முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அழுதுகொண்டே ஓடினாள், ஆனால் நிற்காமல் ஓடினாள். உங்கள் கடிதத்தில் "எதிர்பார்த்த முடிவு" என்று வருகிற இடத்தில் எனக்கு அந்த ஓட்டம்தான் கண்ணில் நின்றது.

கோல் விழுவது பெரிய பெரிய அணிகளுக்கும் நடப்பதுதான். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒரே மாலையில் அமெரிக்க ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் முதல் சுற்றிலேயே கோலைத் தவறவிட்டு வெளியேறின. பெண்கள் அணியில் கடைசியாக ஓடியவர் லாரின் வில்லியம்ஸ். அதற்கு முந்தைய 2004 ஏதென்ஸ் இறுதிப் போட்டியிலும் கடைசியாக ஓடியவர் அவர்தான். அங்கே கோல் மாற்றும் எல்லைக்குள் அவர் கைக்கு வந்து சேரவில்லை, அணி தகுதி இழந்தது. நான்கு வருஷம் கழித்து மறுபடியும் அதே கதை. பெய்ஜிங்கில் கோல் விழுந்ததும் லாரின் திரும்பி ஓடினார், கோலை எடுத்தார், ஓட்டத்தை முடித்தார். அந்த ஓட்டம் கணக்கில் சேரவில்லை, இருந்தும் முடித்தார். 2012இல் லண்டனில் முதல் சுற்றில் அவர் மறுபடியும் ஓடினார். இறுதிப் போட்டியில் அவருடைய அணித் தோழிகள் 40.82 வினாடியில் உலகச் சாதனை படைத்தார்கள். 1985இலிருந்து யாரும் முறியடிக்க முடியாமல் இருந்த சாதனையை அவர்கள் முறியடித்தார்கள். முதல் சுற்றில் ஓடியவர் என்ற முறையில் லாரினுக்கும் தங்கப் பதக்கம் கிடைத்தது.

இந்தக் கதையை அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். "ரெண்டு தடவையா?" என்றுதான் முதலில் கேட்டாள். தங்கத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. இரண்டு தடவை நடந்த பிறகும் அவரை மறுபடி ஓடக் கூப்பிட்டார்களா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு வலித்தது என்று சொல்ல, என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1984இல் எனக்கு வயது பதினேழு. 800 மீட்டர் தேர்வு ஓட்டத்துக்கு ஈப்போவுக்குப் போனேன். ஏழாவதாக வந்தேன். வீட்டுக்கு வந்து கான்வாஸ் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்தேன். யாராவது வந்து "வா, திடலுக்குப் போகலாம்" என்று கூப்பிடுவார்கள் என்று மறுநாள் மாலை லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள் அப்படி உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் சப்பாத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை, போகாதே என்று தடுக்கவும் இல்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். எனக்குத் திறமை இருந்ததா என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியாது. தோற்றது என்றைக்கோ மறந்துவிட்டது. அந்த வாசல்தான் மறக்கவில்லை.

உற்சாகம் என்பது ஏதோ பிள்ளையின் மனசுக்குள் தானாக ஊறுவது போலவும், ஊறாவிட்டால் அது பிள்ளையின் குறை போலவும் நாம் பேசுகிறோம். ஒன்பது வருஷமாக நான் பார்த்ததைச் சொல்கிறேன். தோற்ற பிள்ளை மறுபடி திடலுக்கு வருவது, மறுநாள் அங்கே ஒரு பெரியவர் காத்திருந்தால்தான். அன்றிரவு அழுதுவிட்டுப் போகட்டும், அதில் தப்பில்லை. மறுநாள் என்ன நடந்தது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும், திருத்த ஒன்றே ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஒன்று என்னவென்று தெரியும்: அடையாளத்தை ஓர் அடி உள்ளே தள்ளி வைக்க வேண்டும், சத்தத்துக்கு நடுவே கோல் மாற்றிப் பழக வேண்டும். அதற்கு இரண்டு வாரம் போதும். அந்த இரண்டு வாரத்தைத்தான் உங்கள் கடிதம் எடுத்துக்கொண்டது.

போன வருஷம் நீங்கள் பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டத் தன்முனைப்பு முகாம் நடத்தினீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தீர்கள், பிள்ளைகளும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள். "என்னால் முடியும்" என்று மண்டபம் அதிரக் கத்தினார்கள். ஆனால் அரை நாளில் ஏறிய சூடு அடுத்த வாரம் வரை நிற்கவில்லை. என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். மாதத்தில் ஒரு தடவை 100 மீட்டர் ஓடவிட்டு நேரத்தைக் குறித்து வைப்பேன். அடுத்தவருடைய பக்கத்தைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஒரு பையன் இரண்டு வருஷமாக எந்தப் போட்டிக்கும் தேர்வாகவில்லை. அவன் பக்கத்தில் 18.9 என்று ஆரம்பித்தது இப்போது 16.7இல் நிற்கிறது. மழை பெய்கிற நாளிலும் குடையோடு வந்து "அத்தை, இன்னிக்கு ஓட்டம் உண்டா?" என்று கேட்பவன் அவன்தான். முதல் பரிசு இன்னொருவன் கையில் இருக்கிறது, அந்தப் பக்கம் அவன் கையில் இருக்கிறது. பயிற்சி நின்றால் அவனுக்கு என்ன சொல்வது?

படிப்பு முக்கியம் என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதல் வகுப்பு தேவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணிதத்தில் தோற்ற பிள்ளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் கொடுக்கிறோம், ஓட்டத்தில் தோற்ற பிள்ளையிடமிருந்து உள்ள நேரத்தையும் பிடுங்குகிறோம். இது எனக்குப் புரியவில்லை.

2010ஆம் ஆண்டு டிசம்பர் உங்களுக்கும் நினைவிருக்கும். ஆசியான் நாடுகளின் காற்பந்துக் கோப்பை. முதல் தேதியே ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றோம். நானும் வீட்டுக்காரரும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டோம். பயிற்சியாளர் கே. ராஜகோபால் அதே பையன்களை வைத்துக்கொண்டு மறுநாளிலிருந்து வேலையைத் தொடர்ந்தார். தாய்லாந்தோடு சமநிலை, லாவோஸை வென்றோம், அரையிறுதியில் வியட்நாமைத் தாண்டினோம். 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று சாய்த்தோம். 29ஆம் தேதி ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2. அந்தக் கோப்பை மலேசியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஐந்து கோல் வாங்கிய இரவுக்கும் கோப்பைக்கும் நடுவே ஒரு மாதம்கூட இல்லை.

நம் பேராக்கிலேயே தாப்பாவில் பிறந்தவர் எம். ராஜாமணி. 1964இல் டோக்கியோவில் பெண்களுக்கான 400 மீட்டர் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது ஓடியவர்களில் அவரும் ஒருவர். இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே 400 மீட்டரில் தங்கம் வென்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நான் சிவசங்கரி சுப்பிரமணியத்தைக் காட்டுகிறேன். கெடா பெண், ஸ்குவாஷ் ஆடுகிறவர். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் நிக்கோல் டேவிட்டிடம் தோற்றார். 2022இல் கார் விபத்தில் சிக்கிக் காமன்வெல்த் போட்டிக்கே போக முடியாமல் ஆனார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலிருந்து தங்கத்தோடு வந்தார்.

எல்லாக் கதையும் தங்கத்தில் முடியாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். பூப்பந்து வீரர் டத்தோ லீ சோங் வெய் 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களில் ஆடினார், மூன்றிலும் வெள்ளிதான். லண்டனில் கடைசி செட் 19-21. அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் கணுக்காலில் அடிபட்டிருந்தார். அவரைத் தோற்றவர் என்று இந்த நாட்டில் யாராவது சொல்வார்களா?

தோட்டத்திலிருந்து வந்த நமக்குக் காத்திருப்பது புதிது இல்லை. ரப்பர் கன்று நட்டு ஆறேழு வருஷம் கழித்துத்தான் பால் வெட்ட முடியும். இரண்டாம் வருஷம் பால் வரவில்லை என்று எந்தத் தோட்டத்திலும் மரத்தை வெட்டிச் சாய்த்ததில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் நம் ஊர்க்காரரான தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காக, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பால் வெட்டிய கைகள்தான் அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தன. உங்களில் பலருடைய அப்பாவும் அம்மாவும் அதில் இருந்திருப்பார்கள். அந்தப் பொறுமையில் கொஞ்சத்தை இந்தப் பிள்ளைகளுக்கும் தாருங்கள் என்று கேட்பது அதிகமா?

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பிரத்தியேக வகுப்பை ஐந்து மணிக்குள் முடித்துக்கொண்டால் ஐந்தரைக்கு நாங்கள் ஓடலாம். அதே நான்கு பிள்ளைகளும் அடுத்த மாவட்டப் போட்டி வரை ஒரே அணியாக இருக்கட்டும். தோற்றதற்காக யாரையும் மாற்ற வேண்டாம், அதிலும் அந்த இருவரை மாற்றவே வேண்டாம். அப்புறம் இன்னொன்று. உங்களில் ஒருவர் ஒரு திங்கட்கிழமை சபைகூடலுக்கு வந்து, கோலை எடுத்துக் கொடுத்தவளையும் வாங்கி ஓடி முடித்தவளையும் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். பரிசு எதுவும் வேண்டாம், பெயர் சொன்னால் போதும். என் சத்தத்தை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். உங்கள் குரலில் கேட்டால்தான் அவளுடைய கேள்விக்குப் பதில் கிடைத்ததாக இருக்கும்.

செலவுக்குப் பணம் இல்லை என்றால் கஞ்சிச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன்.

திடல் கேட்டின் பூட்டை மாற்றியிருக்கிறீர்கள், பழைய சாவி சேரவில்லை. வரும் திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு நான் கேட்டுக்கு வெளியே நிற்பேன். பிள்ளைகளிடமும் வரச் சொல்லியிருக்கிறேன். புதுச் சாவியைக் காவலாளி அண்ணனிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகள் அத்தை என்று கூப்பிடும்
உங்கள் ஊர்க்காரி