மல்லிகாவுக்கு, கால் பார்க்கும் வேலை பற்றி

ஸ்ரீரங்கம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். வலிக்கிறதென்று பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி ஓடுவதில்லை.

பார்லர் வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய் பெடிக்யூர் செய்ய ஆரம்பித்தேனே, அது ஓடுகிறதா, மாயவரத்தில் நீயும் தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். ஓடுகிறதடி. கல்யாணப் பெண்களும் கூப்பிடுகிறார்கள்தான். ஆனால் மாதம் தவறாமல் கூப்பிடுகிறவர்கள் எழுபது தாண்டியவர்கள். குனிய முடியாது, நகம் கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். கால் நகம் வெட்ட ஆளில்லாமல் அது தடித்து, வளைந்து, பக்கத்து விரலைக் குத்திக்கொண்டிருக்கும். அவர்களுக்கு வேண்டியது அழகு இல்லை, வலியில்லாமல் செருப்புப் போட்டு நடப்பது. நீ தொடங்குவதாக இருந்தால் இவர்களை மனதில் வைத்தே தொடங்கு.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் நான் கேட்கும் முதல் கேள்வி, “சர்க்கரை இருக்கா?” 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை என்று வந்தது. வயதானவர்கள் வீட்டில் “இல்லை” என்ற பதிலைக் கேட்பதே அபூர்வம். பல வருஷ சர்க்கரையில் காலில் உணர்ச்சி மரத்துவிடுகிறது. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு, உள்ளங்காலில் கொப்புளம் வந்ததே தெரியாமல் உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். அப்படிப்பட்ட காலை வெந்நீரில் ஊறப்போடுவது ஆபத்து. சூடு அவர்களுக்குத் தெரியாது, தோலும் ஊறி வெடிக்கும். அவர்களுக்கு நான் வெதுவெதுப்பான நீரில் கழுவுவதோடு சரி. விரலிடுக்கை ஒற்றித் துடைப்பேன், அங்கே கிரீம் தடவ மாட்டேன். நகத்தை நேராக வெட்டுவேன், ஓரத்தைக் குடைய மாட்டேன். பித்தவெடிப்பைப் பிளேடால் சீவச் சொல்லிக் கேட்பார்கள், ஆணிக்காலுக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டரை ஒட்டச் சொல்வார்கள். அந்தப் பிளாஸ்டரில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். சர்க்கரைக்காரர்களுக்கு இரண்டுமே கூடாது.

போன மாதம் சித்திரை வீதியில் ஒரு பாட்டி. இரண்டு காலிலும் கல்யாணத்தில் போட்ட வெள்ளி மெட்டி, கழற்றியதே இல்லை. விரல் வீங்கி மெட்டி உள்ளே அமுங்கியிருந்தது. டார்ச் அடித்து இடுக்கைப் பார்த்தால் மெட்டிக்கு அடியில் தோல் வெளுத்து, நடுவில் மிளகளவு புண். “வலிக்குதா பாட்டி?” என்றால், “எனக்கு ஒண்ணும் இல்லையே” என்கிறார். அன்று நகத்தைக்கூடத் தொடவில்லை. டாக்டரிடம் இன்றைக்கே காட்டுங்கள், மெட்டியை அவர்தான் எடுக்க வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் இருக்கும்போது மெட்டியைக் கழற்றவே மாட்டேன் என்று பாட்டி அழ ஆரம்பித்துவிட்டார். ஊஞ்சலில் இருந்த தாத்தா எழுந்து வந்து, “நான்தானே இருக்கேன், நான் சொல்றேன், கழட்டு” என்றார். புண் ஆறி வருகிறது. இந்த வேலையில் எதைச் செய்யலாம் என்பதைவிட எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம் மல்லிகா. புண், சீழ், நகச்சுத்தி, நிறம் மாறிய விரல், ஒரு கால் மட்டும் சூடாக இருப்பது, எதைப் பார்த்தாலும் டாக்டர்தான். அன்றைக்குக் காசும் வாங்குவதில்லை.

சாமான் கேட்டிருந்தாய். நகம் வெட்டும் நிப்பர் மட்டும் நல்லதாக மூன்று நான்கு செட் வாங்கு, ஒரு வீட்டுக்கு ஒரு செட். ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தால் போதும் என்று பார்லரில் சொல்லிக்கொடுத்தார்கள், போதாது. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நீராவியில் கிருமியைக் கொல்லும் சின்ன ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 20 நிமிஷம் வைக்கிறேன். அரம், காலைத் தேய்க்கும் கல் எல்லாம் அந்தந்த வீட்டுக்கே கொடுத்துவிடுவேன். நீரைச் சுழற்றும் அந்த ஸ்பா தொட்டி வேண்டவே வேண்டாம். 2000இல் கலிஃபோர்னியாவில் ஒரே கடையில் கால் நனைத்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கட்டி கட்டியாக வந்தது. தொட்டியின் வடிகட்டிக்குப் பின்னால் முடியும் அழுக்கும் சேர்ந்து அதில் கிருமி வளர்ந்திருக்கிறது. நான் அவர்கள் வீட்டு பேசினிலேயே புது பிளாஸ்டிக் உறை விரித்துக்கொள்கிறேன். அப்புறம் ஒரு மணை எடுத்துக்கொண்டு போ. அவர்கள் நாற்காலியில், நீ மணையில். இல்லாவிட்டால் உன் முதுகு போய்விடும்.

பணத்துக்கு மத்திய அரசின் முத்ரா கடனில் சிசு பிரிவு பார், 50,000 ரூபாய் வரை ஜாமீன் இல்லாமல் தருகிறார்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், அதற்குக் காசு கேட்பவனிடம் போகாதே. வருஷ வரவு 20 லட்சம் தாண்டும்வரை நமக்கு ஜி.எஸ்.டி. கவலை இல்லை.

உன் மாமியார் “அடுத்தவங்க காலைப் பிடிக்கிற வேலையா” என்று கேட்டதாக எழுதியிருந்தாய். இங்கேயும் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். சில வீடுகளில் “நீங்க என்ன ஆளுங்க?” என்றும் கேட்பார்கள். பெயரைச் சொல்வேன், செய்யும் வேலையைச் சொல்வேன், அதற்கு மேல் சொல்வதில்லை. வயதானவர்களின் காலை மடியில் வைத்துத் துடைப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, பெருமையாகத்தான் இருக்கிறது. முடிந்து கிளம்பும்போது தாங்களாகவே எழுந்து வாசல் வரை வருகிறார்கள்.

மாயவரத்தில் உங்கள் தெருவுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் அக்காவிடம் முதலில் பேசு. சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்க அவர்கள் வீடு வீடாகப் போகிறவர்கள், உன் நம்பரைத் தேவைப்பட்டவர்களிடம் கொடுப்பார்கள். ரேட் ஊருக்கு ஊர் மாறும். நான் 500 வாங்குகிறேன், அங்கே 350இல் தொடங்கு. பெட்ரோலையும் கையுறையையும் கணக்கில் சேர்க்க மறக்காதே. ஆடியில் பள்ளி லீவு நாளாகப் பார்த்து இரண்டு நாள் இங்கே வா, என்னோடு நாலு வீடு வந்து பார். பாட்டிகளிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். தேதியை மட்டும் போன் பண்ணிச் சொல்லு.

அன்புடன்,
பானு