தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்ட கைகளுக்கு நன்றி

மாலைப் பாட மையத்துக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

கல்வியாண்டு முடிகிறது. நீங்கள் செய்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லி நன்றி கூறுவதுதான் முறை.

முதல் நன்றி, பக்கத்து அறையில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு. நகரத்து நெருக்கடிக் குடியிருப்புகளில் படிப்பு நிற்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போனால் தம்பியை யார் பார்ப்பது? பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைதான். வாரத்துக்கு 2 நாள் விடுப்பு என்று தொடங்கும். கணக்கில் ஒரு படி விட்டுப்போகும். புரியாமல் உட்கார வெட்கப்பட்டு, அப்புறம் அவள் வரவே மாட்டாள். "தம்பியையும் தூக்கிக்கொண்டு வா" என்று சொல்ல முடிந்தது உங்களால்தான். ஒரு பாய், மூடி போட்ட தண்ணீர்க் குடம், வாய்க்குள் போகாத அளவில் பொம்மைகள், எந்நேரமும் 2 பெரியவர்கள். ஒருவர் மட்டும் இருந்தால், ஒரு குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போது மற்றவை தனித்துவிடும். இரண்டாமவர் வராத நாளில் அந்த அறையைத் திறக்கவில்லை. பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும் நன்றி.

வாரம் தவறாமல் அதே நாளில் வந்து சொல்லிக்கொடுத்தவர்களே, ஒவ்வொரு பிள்ளையோடும் 5 நிமிடம் தனியாக உட்கார்ந்து வாசிக்கச் சொல்லி, எழுத்து, சொல், பத்தி, கதை என்று நிலை பார்த்துக் குழு பிரித்தீர்கள். வயதை விட்டு நிலையைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு: 12 வயதுப் பையனை 6 வயதுக் குழந்தைகளோடு உட்காரவைத்தால் மறுநாள் வரமாட்டான். அவனைப் போன்ற பெரிய பிள்ளைகளுக்குத் தனிக் குழு வைத்தீர்கள். பூனைப் படப் புத்தகத்துக்குப் பதிலாக, தெருவில் அவர்கள் தினமும் பார்க்கும் பெயர்ப்பலகைச் சொற்களை அட்டையில் எழுதிக் கொண்டுவந்தீர்கள். 6 வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்துக் குழுவை மாற்றினீர்கள். மாற்றாமல் விட்டால் "மக்குக் குழு" என்ற பெயர் பிள்ளைமேல் ஒட்டிக்கொள்ளும்.

கண் பரிசோதனை செய்தவர்களுக்குத் தனி நன்றி. பலகை தெரியாத பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும்; காப்பி அடிப்பதாகத் திட்டு வாங்கும். கண்ணாடி கொடுத்தாலும் வேலை முடிவதில்லை. உடைந்தால் வீட்டில் அடி விழுமோ என்று பயந்து, பெட்டியிலேயே பத்திரமாக வைத்துவிடுவார்கள். மாற்றுக் கண்ணாடிக்கும் சேர்த்தே நீங்கள் பணம் தந்ததால்தான் அவை முகத்துக்கு வந்தன.

மாதாமாதம் சிறு தொகை அனுப்பியவர்களுக்கு: பள்ளி திறக்கும்போது பைகள் குவியும்; பாதி ஆண்டில் நோட்டு தீரும்போது கேட்க ஆளிருக்காது. அந்த நோட்டுகள் உங்களுடையவை. திடீரென வேலை போன வீடுகளுக்கு ஒரு மாத வாடகையும் உங்கள் பணம்தான். வீடு மாறினால் பள்ளியும் மாறும், மாற்றுச் சான்றிதழுக்கு அலையும் நாட்களில் பிள்ளை வீட்டிலேயே இருக்கும். பதிலுக்குப் பிள்ளைகளின் படம் வேண்டும் என்று கேட்காமலே பணம் கொடுத்தீர்கள். அது பெரிய மரியாதை.

கடைசியாக, பாடம் முடிந்து இருட்டியபின் பிள்ளைகளோடு நடந்து போனவர்களுக்கு. ஒவ்வொரு பிள்ளையும் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை வாசலில் நின்றீர்கள். அதற்குத் தங்கள் நன்றியையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள் பெற்றோர்.

அன்புடன்,
மையப் பொறுப்பாளர்கள்